ஒரு நிமிசத்தில எத்தின லாபம்

அந்தச் சண்டை நாளையில எங்கட ஊரில நெஞ்சு படபடக்குது எண்டு ஆரிட்டயும் போய்ச் சொல்லேலாது. சொன்னா, "உனக்கு மட்டுமா படபடக்குது" எண்டு கேப்பாங்க. அவங்களையும் குறை சொல்லேலாது. வாவிக்கு மேற்கால, படுவான்கரையில இருந்த எங்களுக்கு விடிஞ்சா ஹெலி, பொழுதுபட்டா ஷெல். ஊரே நெஞ்சில கைய வச்சுக்கொண்டுதான் திரிஞ்சிச்சு. அதுக்குள்ள என்ர நெஞ்சு மட்டும் வேற மாதிரி அடிக்குது எண்டு ஆருக்குத் தெரியும்? எனக்கே தெரியாம எட்டு மாசம் போச்சு. அந்த எட்டு மாசத்த நினைச்சா இப்பவும் எனக்கு என்னிலதான் கோவம் வரும்.

நான் அப்ப ஊர்ப் பள்ளிக்கூடத்தில ரெண்டாம் வகுப்புக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்தன். இவர், என்ர மனுசன், வெளிநாட்டில, கட்டாரில வேலை. வீட்டில நானும் அம்மாவும்தான். அம்மா நெல்லவிச்சுக் காயவச்சு, அரிசியாக்கி விக்கிறவ. விடிஞ்சா நெல் அளக்கிற கொத்தும் கையுமா முத்தத்தில இருப்பா. குந்தினா அளந்துபோட்டுத்தான் எழும்புவா. நடுவில ஆரும் கதை கேட்டா மறுமொழி வராது. எனக்கு வாய் கொஞ்சம் கூட. அம்மாக்கு வாய் குறைவு, பிடிவாதம் கூட. ரெண்டு பேரும் ஒரு வீட்டில எப்பிடிக் காலம் தள்ளினம் எண்டு இவர் இப்பவும் கேப்பார்.

வருத்தம் ஒரு மாரிக்குள்ளதான் துவங்கினது. காலமைக் குளிரில பள்ளிக்கூடம் போய், கரும்பலகையில எழுத வெண்கட்டியை எடுத்தா விரல் நுனி வெள்ளையாப் போகும். வெண்கட்டி எது விரல் எது எண்டு தெரியாது. கொஞ்ச நேரத்தால நீலம், பிறகு சிவப்பு, பிறகு ஒரு எரிவு. மாரி முடிஞ்சும் அது போகேல்ல. விரல் வீங்கிச்சு, மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தது. வீக்கம் வத்தினபிறகு தோல் இறுகத் துவங்கிச்சு. காய்ஞ்ச மாட்டுத்தோல் மாதிரிக் கிள்ளிப்பிடிக்கேலாம இறுகிச்சு. கையில துவங்கி முழங்கை, பிறகு முகம். நெத்திச் சுருக்கமெல்லாம் இழுபட்டு மறைஞ்சு போச்சு. என்ன கிறீம் பூசுற எண்டு ரெண்டு பொம்புளையள் வந்து கேட்டாளுகள். வாய் சிறுத்து, கோயில்ல மற்றப் பொம்புளையள் குரவை போடேக்க நான் சும்மா நிண்டன். அது எனக்கு மோதிரம் வெட்டினதைவிடக் கவலை.

அம்மா இதை அம்மாளிட சூடு எண்டு முடிவு கட்டினா. எங்கட பக்கத்தில தோலில எது வந்தாலும் முதல்ல அம்மாள்தான். வைகாசியில கண்ணகை அம்மன் கோயில்ல சடங்கு நடந்து கடைசி நாள் குளிர்த்தி பாடுவாங்க. கோவத்தோட எரிஞ்சு வந்த அம்மாளைத் தண்ணி தெளிச்சுக் குளிரப்பண்ணுறது. அம்மாளே குளிர்ந்தா மகள் குளிரமாட்டாளா எண்டு அம்மாக்கு யோசினை. இருபத்தியொரு நாள் நேத்தி வச்சா. விடியிறதுக்கு முந்திக் கிணத்தடியில என்னை இருத்தி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட பச்சைத்தண்ணியைத் தலையில இருந்து வார்த்தா. ஒவ்வொரு நாளும் இருபத்தியொரு வாளி. நான் நடுங்க நடுங்க இருந்தன். "குளிருதாம்மா" எண்டா, "குளிரணும் மகள், அதுக்குத்தான்" எண்டுவா. பதினாறாம் நாள் ரெண்டு விரல் நுனி கறுத்துப் புண்ணாச்சு. அம்மா நேத்தியை இடையில விடேலாது எண்டு மிச்ச அஞ்சு நாளும் வார்த்தா. நானும் இருந்தன்.

புண் ஆறாமத்தான் வாவி கடந்து பட்டினத்து ஆசுபத்திரிக்குப் போனது. வாவியைக் கடக்கிற மிதவையை நாங்க பாதை எண்டு சொல்லுவம். சைக்கிள், மாடு, ஆக்கள் எல்லாம் அதிலதான். அங்கால எழுவான்கரையில இறங்கினா ஆமியிட செக்பொயின்ட். அதைத் தாண்டினா பஸ். தோல் கிளினிக்கில இருந்தவ ஒரு பொம்புளை டாக்குத்தர். மெலிஞ்ச உடம்பு, அவசரமில்லாத கதை. என்ர தோலைக் கிள்ளிப் பார்த்தா, நகத்தடியைப் பூதக்கண்ணாடியால பார்த்தா, பிறகு குழாயை வச்சு நெஞ்சைக் கனநேரம் கேட்டா. தோலுக்கு வந்த எனக்கு நெஞ்சை ஏன் பார்க்கிறா எண்டு விளங்கேல்ல.

"இதுக்குப் பேர் ஸ்கிளிரோடேர்மா," எண்டு கிளினிக் கார்டில எழுதிக் காட்டினா. "தோல் வெளியில தெரியிறதால எல்லாரும் தோலைத்தான் பார்ப்பாங்க. இந்த வருத்தம் தோலோட நிக்காது டீச்சர். உள்ளுக்கும் இறுகும். சுவாசப்பையில வரும், இதயத்தில வரும். மற்ற ஆக்களைவிட உங்களுக்கு இதய வருத்தம் வாறதுக்கு இடம் கூட. ஒண்டும் இல்லாட்டியும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து நெஞ்சைக் காட்டணும். மூச்சு வாங்கினா, கால் வீங்கினா, தலைசுத்தி விழுந்தா, நெஞ்சு துடிப்புப் பிசகினா ஆறு மாசம் பார்க்கக்கூடாது. உடனே வாங்க. கவனிக்காம விட்டா சில ஆக்களுக்குத் துடிப்பு ஒருநாள் அப்பிடியே நிண்டுபோகும்."

பிறகு குளிரைப் பற்றிச் சொன்னா. குளிர்தான் இந்த வருத்தத்துக்கு முதல் எதிரி, குளிர் பட்டா விரலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், பச்சைத்தண்ணியில கை வைக்கவே வேணாம் எண்டா. அம்மா பக்கத்தில நிண்டவ. எல்லாத்தையும் கேட்டா. திரும்பி வரேக்க பாதையில காத்து அடிச்சிச்சு. அம்மா தன்ர சீலைத் தலைப்பால என்ர ரெண்டு கையையும் சேர்த்துச் சுத்தி, எங்கட கரையில, மண்டூர்த் துறையில இறங்கிற மட்டும் பிடிச்சுக்கொண்டு இருந்தா. இருபத்தியொரு நாளைப் பற்றி அவவும் கதைக்கேல்ல, நானும் கேக்கேல்ல.

அடுத்த வருசம் நெஞ்சுத் துடிப்பு வந்திச்சு. முதல் வந்தது ஒரு ஷெல்லடி நாளில. பங்கருக்குள்ள இருந்து வெளியில வந்தபிறகு நெஞ்சு தடதடவெண்டு ஓடிச்சு. எல்லாருக்கும் ஓடினது, எனக்கும் ஓடிச்சு, அவ்வளவுதான் எண்டு நினைச்சன். பிறகு கிழமையில ரெண்டு மூண்டு தரம் வந்திச்சு. பக்கத்து வீட்டாக்கள் பயக்கோளாறு எண்டாங்க. மந்திரிக்கிற ஒருத்தரைக் கூட்டிவந்து கையில நூல் கட்டினாங்க. ஊர் மருந்துச்சாலையில இருந்தவர் நித்திரைக் குளிசை தந்து, "மனசைத் திடப்படுத்துங்க டீச்சர்" எண்டார். நானும் திடப்படுத்தினன். பயந்தாங்கொள்ளி எண்டு என்னை நானே ஏசினன். சின்னப் பிள்ளையள் பயப்படாம வகுப்பில இருக்குதுகள், எருமைமாடு மாதிரி வளர்ந்தவள் நீ பயப்படுறியே எண்டு. டாக்குத்தர் சொன்னது தலைக்குள்ள எங்கயோ கிடந்தது. அது வேற, இது பயம் எண்டு நானே பிரிச்சு வச்சன். இடையில கிளினிக்குக்குப் போன நாளிலயும் டாக்குத்தரிட்ட இதைச் சொல்லேல்ல. படிச்சவள் செய்யிற வேலையா அது?

ஒரு நாள் காலமை, பத்து மணி இருக்கும். பிள்ளையள் ரெண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்ததுகள். நான் கதிரையில சும்மா இருந்தன். வெயில் நல்ல வெயில். ஒரு கிழமையா ஒரு சத்தமும் இல்ல. அதுக்கு முதல் நாள்தான் இவரிட்ட இருந்து கடிதம் வந்தது, மனமும் குளிர்ந்து போய் இருந்தது. அப்ப நெஞ்சு ஒரு அடி அடிச்சிச்சு, அடுத்த அடியைக் காணேல்ல. படி இருக்கெண்டு கால வச்சு, படி இல்லாமப் போனா எப்பிடி இருக்கும், அப்பிடி. பிறகு ஒரு பெரிய அடி. திரும்ப ஒண்டைக் காணேல்ல. நான் பழக்கத்தில ஹெலி வருதாக்கும் எண்டு எழும்பி வாசலுக்குப் போய்ப் பார்த்தன். வானத்தில ஒரு கொக்குக்கூட இல்ல.

மூண்டாம் நாள் ஹெலி உண்மையாவே வந்திச்சு. பிள்ளையளைப் பங்கருக்குள்ள இறக்கி, கடைசியா நானும் இறங்கினன். தலைக்கு மேல சுத்திச்சு. சும்மா சொல்லக்கூடாது, நல்லாப் பயந்தன். பயத்தோட பயமா நெஞ்சில கைய வச்சுப் பார்த்தன். வேகமா அடிச்சிச்சு, ஆனா ஒழுங்கா அடிச்சிச்சு. ஒண்டும் விடுபடேல்ல. அந்தப் பங்கருக்குள்ள, மண் தலையில கொட்டக் கொட்ட, எனக்கு வெளிச்சுப்போச்சு. பயந்தா என்ர நெஞ்சு ஒழுங்கா ஓடுது. பயமில்லாம இருக்கேக்கதான் தடுமாறுது. அப்ப இது பயமில்ல. இது அந்த டாக்குத்தர் சொன்னது.

அண்டைக்கே முடிவெடுத்தன். இதைப் பயமெண்டு இனி ஆரும் சொல்ல விடமாட்டன். ஆனா வெறும் வாயால போய்ச் சொன்னா ஆரும் கேக்கமாட்டாங்க, என்ர எட்டு மாசமே அதுக்குச் சாட்சி. கையில ஒரு கணக்கு வேணும். எப்ப துடிப்புப் பிசகுது, எத்தின தரம் பிசகுது, அப்ப சத்தம் இருந்ததா இல்லையா எண்டு எழுதி வைக்கணும். இவர் அனுப்பின மணிக்கூட்டில செக்கன் முள் இருந்திச்சு. கையில கட்டேலாமப் போனதால மேசையில கிடந்தது. அதை எடுத்து வச்சுக்கொண்டு நாடியைப் பிடிச்சன். ஒண்டும் தெரியேல்ல. விரல் நுனித் தோல் செத்துப்போய்க் கிடக்குது, நாடி எங்க, எலும்பு எங்க எண்டு விளங்காது. என்ர கையை எனக்கே பிடிச்சுப் பார்க்கேலாது. அப்ப வந்த கோவத்துக்கு மணிக்கூட்டை எறிஞ்சிருப்பன், இவர் பாவம் எண்டு விட்டன்.

அம்மாவைக் கூப்பிட்டன். நாடியை எண்ணுங்க, நான் முள்ளைப் பார்க்கிறன், விடுபட்டாச் சொல்லுங்க எண்டன். அம்மா சீலையில கையைத் துடைச்சுப்போட்டு வந்து, என்ர மணிக்கட்டில மூண்டு விரலை வச்சுக் கண்ணை மூடினா.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு," எண்டு துவங்கினா.

நெல் அளக்கிறவங்க ஒண்டு எண்டு சொல்லமாட்டாங்க. ஒண்டெண்டா ஒண்டோட நிண்டுபோகுமாம். அதால முதல் கொத்தை லாபம் எண்டுதான் அளப்பாங்க. நடுவில எண்ணிக்கை பிசகினா மறுகாலும் லாபத்தில இருந்துதான் துவங்கணும். அம்மாக்கு வேற மாதிரி எண்ணத் தெரியாது. பதினேழு வரைக்கும் வந்தா, ஒரு துடிப்பு விடுபட்டிச்சு, அம்மா நிண்டா. பிறகு "லாபம்" எண்டு திரும்பத் துவங்கினா. ஆறில விடுபட்டிச்சு. "லாபம்." மூண்டில விடுபட்டிச்சு. "லாபம்." ஒரு நிமிசம் முடியேக்க ஒன்பது லாபம் ஆச்சு. அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா.

"இது பயமில்ல மகள்," எண்டா. எட்டு மாசத்தில அதைச் சொன்ன முதல் ஆள் அவதான்.

அண்டையில இருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில எழுதினன். பிள்ளையளிட வரவு இடாப்பு எழுதிப் பழகின கை, கோடு அடிச்சு ஒழுங்கா எழுதினன். திகதி, நேரம், சத்தம், லாபம். ஒரு லாபமெண்டா நிமிசம் முழுக்க ஒண்டும் விடுபடேல்ல, ஒன்பதெண்டா எட்டுத் தரம் விடுபட்டது. "காலமை 6.10, சத்தம் இல்ல, 9." "பின்னேரம் 4.00, சத்தம் இல்ல, 1." "காலமை 10.20, ஹெலி ரெண்டு, தெற்கால போனது, 1." எல்லா நேரமும் பிசகாது. சில வேளை ஒரு மணித்தியாலம் ஒழுங்கா ஓடும். வந்தா வரிசையா வரும். ரெண்டு கிழமை எழுதினம். அந்த ரெண்டு கிழமைக்குள்ள கணுக்காலும் வீங்கிச்சு. கிணத்தில ரெண்டு வாளி அள்ளினா மூச்சு வாங்கிச்சு. டாக்குத்தர் சொன்ன அடையாளம் ஒவ்வொண்டா வந்து நிக்குது. கிளினிக் திகதிக்கு இன்னும் ஒண்டரை மாசம் கிடந்தது. அதைப் பார்க்கேல்ல. வாற செவ்வாய்க்கிழமை போறம் எண்டன். அம்மா அவிச்ச நெல்லை அப்பிடியே பாயில விட்டுப்போட்டு வெளிக்கிட்டா.

முதல் பாதையில ஏறினம். அங்கால செக்பொயின்டில பையைச் சோதிச்ச பொம்புளை ஆமி கொப்பியை எடுத்துப் புரட்டினா. புரட்டினவ நிமிந்து என்னைப் பார்த்தா. அப்பதான் எனக்கு உறைச்சிச்சு. நேரம் எழுதி, ஹெலி எத்தினை எண்டு எழுதி, எந்தப் பக்கம் போனது எண்டும் எழுதி, அதை நானே கையால கொண்டுவந்து ஆமிக்காரரிட்டக் குடுக்கிறன். நெஞ்சுக்கு எழுதின கொப்பி எண்டு நான்தான் நினைச்சன். வேற ஆர் பார்த்தாலும் அது உளவுக் கொப்பி. ஹெலி தெற்கால போனா என்ன வடக்கால போனா என்ன, அதை எழுதச் சொன்னது ஆர்? ரெண்டு கிழமையா அதைக் கோடு அடிச்சு வேற எழுதியிருக்கிறன்.

உள்ளுக்குக் கூட்டிப்போய் வாங்கில இருத்தினாங்க. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆமிப் பெரியவன் வந்தான். கொப்பியை வச்சுக்கொண்டு, இது ஆருக்குக் குடுக்க எழுதினது, லாபம் எண்டா என்ன, ஒன்பது லாபம் எண்டா எத்தினை பேர் எண்டு கேட்டான். என்ர அடையாள அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். அட்டையில இருக்கிறவளுக்கு மூக்குத் தடிப்பு, வாய் பெரிசு. இஞ்ச இருக்கிறவளுக்கு மூக்கு ஒடுங்கி வாய் சிறுத்துப்போச்சு. கையை நீட்டச் சொன்னான். முழங்கையைத் தடவிப் பார்த்தான். இயக்கத்தில பயிற்சி எடுத்தா முழங்கை காய்ச்சுப் போகும் எண்டு அவங்களுக்குக் கணக்கு. என்ர முழங்கை கல்லு மாதிரி.

"இது என்ன வேலை செய்ஞ்ச கை?" எண்டான்.

"வெண்கட்டி பிடிச்ச கை," எண்டன்.

கிளினிக் கார்டைக் காட்டினன். அதில டாக்குத்தர் எழுதினதை அவன் எழுத்துக்கூட்டி வாசிச்சான். எங்கயோ போன் எடுத்தான். நாங்க இருந்தம். ஏழு மணிக்கு இருந்தம், பதினொரு மணியாச்சு. அம்மா என்ர கையைச் சீலைக்குள்ள வச்சுக்கொண்டு, மணிக்கட்டைப் பிடிச்சபடி, வாய்க்குள்ளயே எண்ணிக்கொண்டிருந்தா. கடைசியா அவன் வந்தான். போகலாம் எண்டான், கொப்பி போகாது எண்டான். பிறகு கொஞ்சம் இரங்கின மாதிரி, "நெஞ்சு வருத்தமா, பயமா?" எண்டு கேட்டான். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. பயத்தில வாறதெண்டா உனக்கு முன்னால நாலு மணித்தியாலம் இருக்கேக்க வந்திருக்கோணுமே, வரேல்லயே எண்டு சொல்ல வாய் உன்னிச்சு. அம்மா மணிக்கட்டை அமத்தினா. அடக்கிக்கொண்டு எழும்பினன்.

பஸ்ஸில எனக்கு அழுகை வந்திச்சு. ரெண்டு கிழமை எழுதினது, ஒரே ஒரு சாட்சி, அதுவும் போச்சு. அம்மா யன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டு, "கொப்பி போனா என்ன. எண்ணினவ இரிக்கிறன்தானே," எண்டா.

ஆசுபத்திரிக்குப் போய்ச்சேரப் பகல் ஒரு மணி கழிஞ்சுபோச்சு. கிளினிக் முடிஞ்சு, டாக்குத்தர் வெளிக்கிடப் போறா. அண்டைக்கு என்ர திகதியும் இல்ல. வாசல்ல பேர் எழுதிற ஆள் வேற நாள் வாங்க எண்டார். நான் வாசல்ல நிண்டன், விலகேல்ல. டாக்குத்தர் கண்டுட்டா. காலை அமத்திப் பார்த்தா, குழாயை வச்சுக் கேட்டா. அந்த நேரம் பார்த்து நெஞ்சு நல்ல பிள்ளை மாதிரி ஓடிச்சு. எண்டாலும், "இப்பவே ஈசிஜி எடுத்துக்கொண்டு வாங்க, நான் நிக்கிறன்," எண்டா.

ஈசிஜி எடுக்கிறவர் வயசான, அலுத்துப்போன மனுசன். கைக்கும் காலுக்கும் கிளிப் போட்டார், நெஞ்சில உருண்டை வச்சார். கடதாசி ஒரு சாண் ரெண்டு சாண் வந்திச்சு. பார்த்தார். "நல்லா இரிக்கி டீச்சர். பயப்படாதீங்க, எழும்புங்க," எண்டார்.

திரும்பவும் அந்தச் சொல். எட்டு மாசமாக் கேட்ட சொல். நான் எழும்பேல்ல.

"ஐயா, இது வந்துபோற வருத்தம். வரேக்க எடுக்கணும். வாற மட்டும் நான் இந்தக் கட்டில விட்டு இறங்கமாட்டன்," எண்டன்.

"வெளியில பத்துப்பேர் நிக்கிறாங்க டீச்சர்."

"அவங்களைக் கூப்பிடுங்க, நான் ஒதுங்கிப் படுக்கிறன். இறங்கமாட்டன்."

அவருக்குக் கோவம் வந்திருக்கும். எனக்கு அவரில கோவமில்ல, ஆனா இறங்கிறதுமில்ல. கடைசிப் பாதை அஞ்சு மணிக்கு. அதைவிட்டா வீட்டுக்குப் போகேலாது. அதுவும் தெரியும். போனாப் போகட்டும். இண்டைக்கு இந்தக் கடதாசியில வராட்டி, நாளைக்கு என்ர நெஞ்சு நிண்டாலும் பயத்தில செத்தாள் எண்டுதான் ஊர் சொல்லும். எனக்கு அதுதான் பொறுக்கேலாது.

அம்மா கட்டிலுக்குக் கிட்ட வந்தா. மணிக்கட்டில கிளிப் கிடந்தது. அவர், "கையத் தொடாதீங்க, படம் கலங்கும்" எண்டார். அம்மா கழுத்தடியில விரலை வச்சா. நாடி அங்கயும் ஓடும் எண்டு அவவுக்கு ஆர் சொன்னதோ தெரியாது.

"எண்ணேக்க நடுவில நான் மறுகாலும் லாபம் எண்டு சொன்னா, தம்பி, நீங்க மிசினைப் போடுங்க," எண்டா. வயசில பெரிய மனுசனைத் தம்பி எண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்திட்டுது. சரி, எண்ணுங்க எண்டார்.

அம்மா கண்ணை மூடினா. லாபம், ரெண்டு, மூணு. இருபது போச்சு, நாப்பது போச்சு. வெளியில ஆக்கள் கதவைத் தட்டினாங்க. நூறு போச்சு. அம்மா அவிச்ச நெல்லை அளக்கிற அதே குரல்ல, கூட்டாம குறைக்காம எண்ணிக்கொண்டு போனா. நூற்றி அறுபது. அவர் மிசின்ல இருந்து கையை எடுத்தார். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு, வா, வந்து தொலை, எட்டு மாசம் கேக்காம வந்தியே, இண்டைக்கு வா எண்டு என்ர நெஞ்சோட சண்டை பிடிச்சன்.

இருநூற்றிப் பதினாலில அம்மா நிண்டா.

"லாபம்."

அவர் மிசினைப் போட்டார். கடதாசி ஓடிச்சு. "ரெண்டு, மூணு, நாலு. லாபம். ரெண்டு. லாபம்." அம்மா சொல்லச் சொல்ல ஊசி எகிறிக் கோணலா ஒண்டைக் கீறிப்போட்டு, சும்மா ஒரு இடைவெளி விட்டிச்சு. அம்மாட வாயும் அந்த ஊசியும் ஒண்டாப் போச்சுது. கடதாசி தரையில விழுந்து சுருண்டிச்சு. அவர் நிப்பாட்டேல்ல. கதவைத் தட்டினவங்களுக்குச் சத்தம் போடாம இருங்க எண்டு சொல்லிப்போட்டு, அந்தச் சுருளை அப்பிடியே தூக்கிக்கொண்டு தானே டாக்குத்தரிட்ட ஓடினார்.

டாக்குத்தர் கடதாசியை மேசையில விரிச்சு, விரலால ஒவ்வொண்டாத் தொட்டுக்கொண்டு போனா. "இது பயத்தில வாற துடிப்பில்ல," எண்டா. வருத்தம் இதயத் தசைக்குள்ள போயிருக்குது, அங்கங்க இறுகியிருக்குது, அதால துடிப்புப் போற வழி தடைப்படுது எண்டா. மருந்து துவங்கணும். கொழும்புக்குக் கடிதம் தருவா, அங்க இதயத்தை ஸ்கான் எடுக்கணும். உப்புக் குறைக்கணும். சுகமாகிற வருத்தமில்ல, ஆனா பிடிச்சுவைக்கலாம், அதுவும் நேரத்தோட வந்ததால எண்டா. நெஞ்சில வருத்தம் எண்டு கேட்டுச் சந்தோசப்பட்டவள் உலகத்தில நான் ஒருத்தியாத்தான் இருப்பன். அந்தக் கதிரையிலயே இருந்து விக்கி விக்கி அழுதன், அவ்வளவு சந்தோசம்.

கடைசிப் பாதையைப் பிடிச்சம். வரேக்க செக்பொயின்டில அந்தப் பெரியவனிட்ட என்ர கொப்பியைத் தாங்க எண்டு கேட்டன். தலையை ஆட்டினான். கேட்டு வைக்கிறதில என்ன குறைஞ்சுபோச்சு எண்டு வந்திட்டன்.

பாதை நடு வாவிக்கு வந்தபிறகு அம்மா வாயத் திறந்தா. "பச்சைத்தண்ணி வார்த்தது நான்தான் மகள்," எண்டா. "இருபத்தியொரு நாள். நீ குளிருது குளிருது எண்டாய். நான் வார்த்தன்." அவ அழுதா. அம்மா அழுது நான் அதுக்கு முதல் கண்டதில்ல, அப்பா செத்த அண்டைக்கும் கண் கலங்காம நெல்லை மூடிவச்சுப்போட்டுத்தான் வந்து இருந்தவ. தண்ணி வார்த்ததால நெஞ்சில வரேல்ல, அது அது பாட்டில வாற வருத்தம், உள்ளுக்கும் இறுகும் எண்டு டாக்குத்தர் முதல் நாளே சொன்னவதானே எண்டன். அவ கேட்டாவோ தெரியாது. எனக்கு அவவில கோவமே இருக்கேல்ல எண்டு சொன்னாப் பொய். பதினாறாம் நாளில நிப்பாட்டியிருக்கலாம் எண்டு இருந்தது. அண்டைக்கு அந்தக் கோவம் போச்சு. "விரலை எடுக்காதீங்கம்மா, பிடிச்சுக்கொண்டு இருங்க," எண்டன்.

அதுக்குப்பிறகு கொழும்புக்கும் போனன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாவியும் கடந்தன். பாதை ஓடாத நாளில தோணியில, வெள்ளத்துக்குள்ள, ஒருக்கா செக்பொயின்டைப் பூட்டி வச்ச நேரம் ரெண்டு நாள் கரையில காத்திருந்தும் போனன். ஒரு திகதியும் விடேல்ல. புதுக் கொப்பியில சத்தத்துக்கு ஒரு கோடும் அடிக்கேல்ல. திகதி, நேரம், லாபம், அவ்வளவுதான்.

மருந்து துவங்கி ரெண்டு மாசத்தில ஒரு பின்னேரம். அம்மா முத்தத்தில நெல்லை அளந்து முடிச்சுப்போட்டு, கையைத் துடைச்சுக்கொண்டு வந்து இருந்தா. நான் மணிக்கூட்டை எடுத்தன். அவ மூண்டு விரலை வச்சுக் கண்ணை மூடினா. லாபம், ரெண்டு, மூணு. முள் ஓடிச்சு. முப்பது, நாப்பது, அறுபது. எழுபத்தாறில ஒரு நிமிசம் முடிஞ்சிச்சு.

"முடிஞ்சிதம்மா," எண்டன்.

அம்மா கையை விடேல்ல. கண்ணைத் திறக்கவும் இல்ல.

"ஒரு லாபம்தான் மகள்," எண்டா. "பொறு, நான் எங்கயோ விட்டிட்டன்போல." மறுகாலும் முதல்ல இருந்து எண்ணத் துவங்கினா.